பெயரில்லாத ஐந்து நாட்கள்

கோலின், 17 மே 2016

லுத்மிலா,

உன் அறிக்கை நேற்று வந்தது. அஞ்சல் முத்திரையில் 13 மே என்று இருக்கிறது. ஆட்டம் முடிந்து மூன்று நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி, அனுப்பியிருக்கிறாய். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை உள்ளே இருக்கிறது.

உன் வியாழன் மேசைக்காரர்கள் நம் ஆட்டத்து நாட்டின் மேலணையை உடைத்துவிட்டார்கள். அறுவடை மாதம் பதினொன்றாம் தேதி. எதிரிப் பிரபுவின் படை முழுகியது, கூடவே பள்ளத்தாக்கில் இருந்த ஊர்களும் முழுகின. இதையெல்லாம் ஒரே வரியில் எழுதியிருக்கிறாய், மழை பெய்தது என்று எழுதுவதுபோல.

அந்தப் பள்ளத்தாக்கில் என் செவ்வாய் மேசை இருக்கிறது. அறுவடை மாதம் இருபதாம் தேதி, ரோஸ்தா ஆட்டத்தில் நடத்திய ஆள் மத்யாஷ், அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு ஓடிப்போன அதே மாவு ஆலைக்கு, இருபத்தாறு வருஷம் கழித்து வந்து சேர்ந்தான். நீ சொல்வதை எடுத்துக்கொண்டால், அவன் வருவதற்கு ஒன்பது நாள் முன்பே அங்கே ஆலையும் இல்லை, அவன் தட்டிய கதவும் இல்லை.

தாபோருக்குப் போனதும் மறந்துவிட்டாய் போலிருக்கிறது, நினைவூட்டுகிறேன். மூவாறு என்பது வாயால் சொல்லி, பகடை உருட்டி நாம் நடத்தும் ஒரே கற்பனை நாடு. என் செவ்வாய் மேசையும் சனி மேசையும் உன் வியாழன் மேசையும் அதே நாட்டில்தான் ஆடுகின்றன. ஒரு மேசை பாலத்தை எரித்தால் மற்ற மேசைக்காரன் அடுத்த வாரம் ஆற்றை நீந்தித்தான் கடக்க வேண்டும். ஒரு மேசையில் செத்தவன் மூன்று மேசையிலும் செத்தவன். இரண்டு மேசைகள் முட்டிக்கொண்டால், நாட்டின் நாள்காட்டியில் எது முந்திய தேதியோ அதுவே நடந்தது. யார் முதலில் உட்கார்ந்து பகடை உருட்டினார்கள் என்பது பேச்சே இல்லை. இதையெல்லாம் எழுதியவன் நான். யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. 1985இல் கைமாறி வந்த, இந்த மாதிரி ஆட்டத்துக்கான ஓர் ஆங்கில விதிப்புத்தகத்தின் மங்கலான நகலை, ரயில் பணிமனையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தேன். பாதி புரியவில்லை. அந்தப் பாதியை நானே உண்டாக்கினேன். அதனால்தான் நாடு இன்னும் நிற்கிறது.

ரோஸ்தா மே 6ஆம் தேதி இறந்துவிட்டான் என்று உனக்கு எழுதியிருந்தேன். அதற்குப் பதில் வரவில்லை. அறிக்கை மட்டும் வந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். அணை உடைந்த தேதியைப் பத்து நாள் தள்ளி எழுது. மத்யாஷ் வீடு சேர்ந்த மறுநாள் வெள்ளம் வரட்டும், ஆலையையும் அவனையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போகட்டும். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவன் வீடு சேர்ந்தது நிற்க வேண்டும்.

பொஹுமில்


தாபோர், 23 மே 2016

அண்ணனுக்கு,

ரோஸ்தாவின் மறைவுக்கு வருந்துகிறேன். அவர் மனைவிக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாததால் எழுதவில்லை.

தேதியை மாற்ற முடியாது. அணையின் மதகைத் திறக்க இரண்டு பேர் உள்ளே நிற்க வேண்டியிருந்தது. திரும்பி வர வழியில்லை என்று தெரிந்தே நின்றார்கள். அதில் ஒருத்தி விளாஸ்தாவின் ஆள். விளாஸ்தா பள்ளி ஆசிரியை, அந்த ஆளை ஏழு வருஷமாக வளர்த்தவள். பகடையை உருட்டி, விழுந்த எண்ணைப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் எங்கள் எல்லாருடைய கோப்பைகளையும் கழுவினாள். அவை ஏற்கெனவே கழுவின கோப்பைகள்.

படை பன்னிரண்டாம் தேதி பள்ளத்தாக்கைத் தாண்டியிருக்கும். பத்து நாள் தள்ளினால் அந்த இரண்டு பேரும் படையே இல்லாத பள்ளத்தாக்கில் தண்ணீரைத் திறந்துவிடுவதற்காகச் செத்தார்கள் என்று ஆகும். அவளிடம் போய் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

விதிகளை நினைவூட்டினீர்கள், நன்றி. நீங்கள் விட்டுவிட்ட ஒன்றை நான் நினைவூட்டுகிறேன். எந்த மேசையும் இன்னொரு மேசையைவிட முப்பது நாளுக்கு மேல் முன்னே ஓடக் கூடாது. பிப்ரவரியில் எனக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒன்பது வாரம் எங்கள் மேசை ஆடவில்லை. நீங்கள் காத்திருந்திருக்க வேண்டும். காத்திருந்திருந்தால் மேலணை உடைந்த செய்தி முதலில் உங்களுக்கு வந்திருக்கும், மத்யாஷ் வேறு வழியில் போயிருப்பான்.

லுத்மிலா ஹ்ருபெஷோவா


கோலின், 27 மே 2016

லுத்மிலா,

என்னை 'நீங்கள்' என்று எழுதி, கீழே முழுப்பெயரும் போட்டிருக்கிறாய். நகராட்சிக்கு விண்ணப்பம் எழுதும்போது இந்தப் பழக்கம் உதவும். உன்னைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு போனவனுக்கு வேண்டாம்.

முப்பது நாள் விதியை நான் மீறினேன். எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். மருத்துவர் மார்ச் மாதம் ரோஸ்தாவிடம் ஆறு வாரம் என்றார். உன் இடுப்பு குணமாகிற இடுப்பு. அவனுக்கு இருந்தது அப்படிப்பட்டதல்ல. நான் எதற்குக் காத்திருக்க வேண்டும், சொல்.

கடைசி மூன்று ஆட்டங்களையும் மருத்துவமனையில் நடத்தினோம். மேசைக்காரர்கள் நான்கு பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையில் வரைபடத்தை விரித்தோம். மே 3ஆம் தேதி மதியம் ரோஸ்தாவுக்குத் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. என் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"டேய், மூக்கை அப்புறம் சிந்து. சாகறது நான், நீ இல்ல. ஆட்டத்தை நடத்து."

பள்ளத்தாக்கில் மூடுபனி. வழி நினைவிருக்கிறதா என்று பார்க்க ஓர் உருட்டு கேட்டேன். கையில் பிடி இல்லாமல் அந்த இருபது முகப் பகடை கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. தாதி குனிந்து பார்த்து, "பதினேழு. நல்லதா கெட்டதா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்கு வழி தெரியுமான்னு உருட்டினேன்மா," என்றான். "பதினேழுன்னா தெரியும்."

மத்யாஷ் ஆலைக் கதவைத் தட்டினான். உள்ளேயிருந்து அவனுடைய அப்பாவின் குரலில் 'யார்' என்று நான் கேட்டேன். ரோஸ்தாவின் கண் மூடியே இருந்தது. தூங்கிவிட்டான் என்று நினைத்தோம். பிறகு சொன்னான்: "மாவுக் கையோட வந்து திற. அப்ப சொல்றேன் யாருன்னு."

திறந்தேன். அத்தோடு ஆட்டம் முடிந்தது. மூன்று நாள் கழித்து அவனும் முடிந்தான்.

அந்த நாளின் பதிவை நான் நோட்டிலிருந்து கிழித்தேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பக்கம் கிழித்ததில்லை. மடித்து அவன் கோட்டின் உள்பையில் வைத்தேன், தகனத்துக்கு முன்னால். அது நடக்கவில்லை என்று நீ இப்போது என்னை எழுதச் சொல்கிறாய்.

பொஹுமில்


தாபோர், 4 ஜூன் 2016

அண்ணா,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். திட்டுவதற்கும் அதுதான் வசதி.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். ரோஸ்தாவை எனக்கும் பிடிக்கும். அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, என் கணவனை நினைத்தேன். மூன்று கடிதம் போய் வந்துவிட்டது, ஹீனெக்கின் பெயர் உன் பேனாவில் ஒரு முறை வரவில்லை.

1998இல் ஹீனெக்கின் ஆள் ஹவ்ரன் காலில் காயத்தோடு கழுகுக்கோட்டைக்கு வந்தான். நாட்டில் வருஷத்தின் கடைசி நாள். "நாலு ராத்திரி படுத்துட்டுக் கிளம்பறேன்" என்று ஹீனெக் சொன்னான். உன் சனி மேசைக்காரர்கள் முதல் மாதம் மூன்றாம் தேதி கோட்டைக்குத் தீ வைத்தார்கள். நான்காவது இரவு அதுதான் என்று நீ சொன்னாய். ஹவ்ரன் தூக்கத்திலேயே எரிந்துபோனான் என்று தீர்ப்பும் சொன்னாய். எட்டு வருஷம் ஆடிய ஆள். பகடையைக்கூட நீ உருட்ட விடவில்லை. காபி ஊற்றிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். ஒரு நாள் முன்பின் வைத்துக்கொள்ளக் கூடாதா அண்ணா என்று கேட்டேன். நீ சொன்னது எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது:

"விதி விதிதான். நாட்டுக்குக் கண்ணீர் தெரியாது."

ஹீனெக் சண்டை போடவில்லை. "நோட்டைக் கொஞ்சம் குடு மச்சான்" என்றான். பார்த்தான். பென்சிலால் ஏதோ போட்டான். திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பிறகு உன் மேசைக்கு அவன் வரவேயில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், மீனும் உருளைக்கிழங்குக் கலவையும் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டான். பதினோரு கிறிஸ்துமஸ். நோட்டில் என்ன போட்டாய் என்று கேட்டேன். "அவனே எண்ணிப் பார்க்கட்டும்" என்றான். மிச்சமிருக்கும் நண்பர்களை எண்ணச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹீனெக் இறந்த பிறகு நான் ஏன் தாபோரில் மேசை ஆரம்பித்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. உன் விதிகள் பிடித்ததால் அல்ல. அவன் எட்டு வருஷம் நடந்த நாடு அது ஒன்றுதான். புது நாடு உண்டாக்கினால் அதில் அவன் கால் படாது.

இப்போது உன் நண்பனுக்காகப் பத்து நாள் கேட்கிறாய். நான் என் கணவனுக்காக ஒரு நாள் கேட்டேன்.

லுத்மிலா


கோலின், 9 ஜூன் 2016

லுத்மிலா,

ஹீனெக் விஷயத்தில் நான் செய்தது சரி. அன்றும் சரி, இன்றும் சரி. அவன் உயிரோடு இருந்தான், வேறு ஆள் உண்டாக்கிக்கொண்டு அடுத்த செவ்வாய் வந்திருக்கலாம். அவன் ஆளை உண்டாக்கவில்லை, கோபத்தை உண்டாக்கினான். ரோஸ்தா அடுத்த செவ்வாய் வர முடியாது. இரண்டும் ஒன்றென்று நீ சொன்னால் உனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று அர்த்தம்.

நீ தர மாட்டாய் என்றால் நானே கண்டுபிடித்து எடுத்துக்கொள்கிறேன். விதிக்குள்ளேயே. நாட்டுக்குப் பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு முப்பது நாள். ஒரு வருஷத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எந்த மாதத்திலும் சேராத ஐந்து நாட்கள். 1991இல் நான் வைத்தது. பெயர் இல்லாததால் ஆட்டக்காரர்கள் அவற்றை விட்டுவிடுவார்கள், அல்லது இரண்டு தடவை எண்ணுவார்கள். நான் எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். உன் ஏழு வருஷ அறிக்கைகளும் என்னிடம் இருக்கின்றன. என் முப்பத்தொரு வருஷ நோட்டுகளும் இருக்கின்றன. எங்காவது ஐந்து நாள் கிடைக்கும், வேறெங்காவது நான்கு நாள் கிடைக்கும். உன் தேதி பிழை என்று நிரூபித்து, பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அதுவரை மேலணை என் நோட்டில் உடையவில்லை.

பொஹுமில்


தாபோர், 13 ஜூன் 2016

அண்ணா,

தேடு. எங்கள் மேசையில் பெயரில்லாத நாட்களுக்கு விளாஸ்தா கேக் செய்து கொண்டுவருவாள். ஐந்து நாளும் ஒவ்வொரு நாளாக ஆடுவோம். பிழை இருக்காது.

லு.


கோலின், 26 ஜூன் 2016

லுத்மிலா,

உன் அறிக்கைகளில் பிழை இல்லை. ஏழு வருஷம், முப்பத்தைந்து பெயரில்லாத நாட்கள், எல்லாம் இருக்கின்றன.

பிறகு என் நோட்டுகளை எடுத்தேன். சமையலறை முழுதும் பரப்பிவைத்துப் பின்னாலிருந்து முன்னால் போனேன். கோலினில் இந்த வாரம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கடைக்குக்கூட நான் போகவில்லை. 2015 சரி. 2014 சரி. அப்படியே போனேன். 1998க்கு வந்தேன்.

செவ்வாய் மேசையின் நோட்டு, பச்சை அட்டை. பன்னிரண்டாம் மாதம் முப்பதாம் தேதி: ஹவ்ரன் கழுகுக்கோட்டைக்கு வருகிறான். அதற்கு அடுத்த வரி: முதல் மாதம் ஒன்றாம் தேதி. நடுவில் ஒன்றுமில்லை. என் கையெழுத்து. அந்த வருஷம் நான் ஐந்து நாளையும் விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஓரத்தில் பென்சிலால் ஐந்து சிறு கோடுகள் இருக்கின்றன. நான் அவற்றை முன்பே பார்த்திருக்கிறேன். ஐந்து கிளாஸ் பீர் பந்தயம் எதையோ ஹீனெக் குறித்திருக்கிறான் என்று நினைத்தேன். வருஷக்கணக்காக அப்படித்தான் நினைத்தேன்.

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எழுத மாட்டேன். முப்பதாம் தேதி இரவு ஒன்று. பெயரில்லாத நாட்களில் மூன்று இரவு. நான்கு இரவு தூங்கிவிட்டு, நான்காவது பெயரில்லாத நாள் காலையில் ஹவ்ரன் கோட்டையை விட்டுக் கிளம்பிவிட்டான். சனி மேசை ஐந்து நாளையும் ஒழுங்காக எண்ணியிருக்கிறது. அவர்கள் தீ வைத்தபோது அவன் கட்டிலில் யாருமில்லை. ஹவ்ரன் சாகவில்லை. ஹீனெக் சரி. நான் பிழை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஐந்து நாளை விட்டதால், அன்றிலிருந்து செவ்வாய் மேசையின் தேதிகள் எல்லாம் ஐந்து நாள் முன்னே ஓடியிருக்கின்றன. திருத்தினால் மத்யாஷ் வீடு சேர்ந்தது இருபதாம் தேதி அல்ல, பதினைந்தாம் தேதி. மேலணை உடைந்தது பதினொன்று. ஒன்பது நாள் தேடினேன், ஐந்து கிடைத்தது. அதுவும் ஹீனெக்கிடமிருந்து. நான்கு நாள் போதவில்லை.

அந்த நான்கு நாளை உன்னிடம் நான் கேட்கவில்லை. ரோஸ்தாவின் கடைசி மூன்று ஆட்டங்களை இன்று காலை கோடு போட்டு அடித்துவிட்டேன். மூன்றாவதை அடிக்கப் பக்கம் இல்லை. கிழித்த இடத்தில் ஒரு விரல் அகலக் காகிதம் தையலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் 'நடக்கவில்லை' என்று எழுதினேன்.

மன்னிப்பு என்று எழுதினால் அதை வாங்கிக்கொள்ள வேண்டியவன் இல்லை. நோட்டில் திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த விதம் அது.

பொஹுமில்


தாபோர், 2 ஜூலை 2016

அண்ணா,

நீ கேட்காததால் சொல்கிறேன். வியாழன் மேசை உனக்குப் பத்து நாள் கொடுக்கச் சம்மதித்திருந்தது.

போன வாரம் உன் ரோஸ்தா கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். தாதி பகடையை எடுத்த இடம் வந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. விளாஸ்தாதான் முதலில் வாயைத் திறந்தாள். "மதகைத் திறக்கறதுக்கு முன்னால படையைப் பத்து நாள் பிடிச்சு வெச்சிருந்தோம்னு எழுதிடு லுத்மிலா. உள்ளே நின்னு செத்தவ நான்தானே, நான் சொல்றேன். அந்த மனுஷன் வீட்டுக்குப் போகட்டும்."

மறுநாளே திருத்திய அறிக்கையை எழுதி உறையில் போட்டேன். தபால் தலை ஒட்டினேன். இந்தப் புதன்கிழமை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் பெட்டியில் போடலாம் என்று பையில் வைத்தேன். வாசலில் தபால்காரர் உன் பதிவுத் தபாலைக் கொடுத்தார். என் தேதி பிழை என்று நிரூபித்திருப்பாய் என்று நினைத்துப் படியிலேயே நின்று பிரித்தேன்.

பதினெட்டு வருஷம் அந்த நோட்டு உன் அலமாரியில் இருந்தது. பதினோரு வருஷம் அவன் சமையலறையில் நின்று சாப்பிட்டான், நடுவில் ஒரு கதவு. நீ அந்தப் பக்கம் அம்மா செய்கிற மாதிரியே மீன் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரே ஒரு தடவை அந்தப் பச்சை நோட்டைத் திறந்து ஐந்து கோடுகளை எண்ணியிருந்தால் போதும். உன் நண்பனுக்கு ஒன்பது நாள் தேவைப்பட்டபோதுதான் நீ திறந்தாய்.

உறையைப் பெட்டியில் போடவில்லை. நேற்று அடுப்பில் போட்டேன். விளாஸ்தாவிடம் சொன்னேன், அவள் என்னைத் திட்டினாள், அது அவள் உரிமை. மேலணை பதினொன்றாம் தேதியே உடைந்தது. விதி விதிதான்.

லுத்மிலா


கோலின், 6 ஜூலை 2016

லுத்மிலா,

நீ அனுப்பியிருந்தாலும் நான் பதிவு செய்திருக்க மாட்டேன். மே மாதம் என்றால் வாங்கிக்கொண்டிருப்பேன். பச்சை நோட்டுக்குப் பிறகு முடியாது. இதை உன் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

மேலணை: அறுவடை மாதம் 11. பதிவு செய்தேன்.

ரோஸ்தாவின் மனைவியை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை. மத்யாஷ் கதவைத் தட்டியதை என்னிடம் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். நான் வாழ்க்கையில் அதிகம் பொய் சொன்னவன் அல்ல.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஹவ்ரன் உயிரோடு இருக்கிறான் என்றால் எங்காவது இருந்தாக வேண்டும். பதினெட்டு வருஷம் எங்கே நடந்தான், இப்போது எந்த ஊரில் இருக்கிறான், நாட்டில் எழுதியாக வேண்டும். அவனை நான் நடத்தக் கூடாது. நீ நடத்து. அவன் எங்கே என்று அறிக்கையில் சொல். நீ எழுதுவதை ஒரு எழுத்து மாற்றாமல் நோட்டில் ஏற்றிக்கொள்கிறேன்.

பொஹுமில்


தாபோர், 15 ஜூலை 2016

அறிக்கை. வியாழன் மேசை, ஆடிய நாள் 14 ஜூலை. நாட்டில் அறுவடை மாதம் 24.

வெள்ளம் வடிந்துவிட்டது. மேட்டுப் பாதையில் இருக்கும் விடுதியில் தப்பியவர்கள் தங்கியிருக்கிறார்கள். பள்ளத்தாக்கில் மாவு ஆலை இருந்த இடத்தைப் பார்த்தோம். அஸ்திவாரக் கல் மட்டும் நிற்கிறது. அங்கே யாரும் வந்ததற்கு அடையாளம் இல்லை.

விடுதியில் ஒரு கிழவன் இருக்கிறான், இடது காலை இழுத்து நடப்பவன். வெள்ளத்தன்று படகில் போய்ப் பதினோரு பேரை இழுத்து வந்தான். பெயர் கேட்டதற்கு ஹவ்ரன் என்றான். இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்று விளாஸ்தாவின் புது ஆள் கேட்டாள். "இங்கேயேதான் இருந்தேன். யாரும் எண்ணலை" என்றான்.

செவ்வாய் மேசைக்காரர்கள் இந்த வழியாக வந்தால் விடுதியில் இடம் கிடைக்கும், சூடான சாப்பாடும் கிடைக்கும். அவர்கள் உள்ளே நுழைந்ததும் ஹவ்ரன் தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவான். கதவைச் சாத்திக்கொள்வான். எந்த உருட்டும் அவனைத் திரும்பக் கூட்டிவராது, இருபது விழுந்தாலும்.

இது நாட்டில் நடப்பது. பதிவு செய்துகொள், அண்ணா.

லுத்மிலா